இடம் மாறிய சவப்பெட்டிகள்: பார்படோஸ் சேஸ் கல்லறை, 1807–1820 — ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பார்படோஸின் தென்கரையில் ஓய்ஸ்டின்ஸ் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள மேட்டில் கிறைஸ்ட் சர்ச் பங்கின் (திருச்சபை வட்டாரத்தின்) ஆங்கிலிகன் ஆலயம் நிற்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் பாதி நிலத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு குடும்பக் கல்லறை உண்டு. மூடிய அறைக்குள் சவப்பெட்டிகள் திரும்பத் திரும்ப இடம் மாறிக் கிடந்தன என்று கதை சொல்லும் சேஸ் கல்லறை இதுதான். பவளச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, மேலே வளைவுக் கூரை கட்டிய நிலவறை அது. உள்ளளவு ஏறத்தாழ 12 அடி நீளம், ஆறரை அடி அகலம். சில படிகள் இறங்கினால் வாயில். அந்த வாயிலைக் கதவு மூடவில்லை. பல ஆட்கள் சேர்ந்து நகர்த்த வேண்டிய கனமான பளிங்குப் பலகை ஒன்று மூடியது.

இந்த நிலவறை 1724இல் இறந்த வேறொரு குடும்பத்தவருக்காகக் கட்டப்பட்டது. பின்னர் கைமாறியது. 1807 ஜூலை இறுதியில் ஒரு பெண்மணியை மரப்பெட்டியில் வைத்து இங்கே அடக்கம் செய்தார்கள். 1808 பிப்ரவரியில் சேஸ் குடும்பத்தின் கைக்குழந்தை ஒன்று ஈயப்பெட்டியில் வந்தது. 1812 ஜூலையில் அந்தக் குழந்தையின் அக்காள், அடுத்த மாதமே தந்தை. தந்தை கரும்புத் தோட்ட முதலாளி, பருத்த உடலினர். எடை 240 ராத்தல் (பவுண்டு) என்பது வாய்வழிச் செய்தி. அடிமைகளிடம் கொடூரமாக நடந்தவர் என்றும், அவருடைய கொடுமை தாளாமல்தான் மூத்த மகள் பட்டினி கிடந்து உயிரை விட்டாள் என்றும் ஊரில் பேச்சு இருந்தது. கதையின் முளை இங்கேதான். பெட்டிகள் நகர்ந்த செய்தி பரவுமுன்பே, "இந்தக் குடும்பத்துக்கு ஏதாவது நடக்கும்" என்று ஊர் காத்திருந்தது.

அன்றைய அடக்கம் எப்படி நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெட்டிகளைச் சுமந்தவர்கள் அடிமைகள். பலகையை நகர்த்தியவர்களில் பெரும்பாலோரும் அவர்களே. நிலவறைக்குள் முதலில் இறங்கிய கண்களும் அவர்களுடையவைதான். அவர்கள் பார்த்ததை யாரும் எழுதி வாங்கவில்லை.

முதல் கவனிப்பு: ஆகஸ்ட் 1812

தந்தையின் பெட்டியை இறக்குவதற்காகப் பலகையை நகர்த்தியபோது, உள்ளே இருந்த ஈயப்பெட்டிகள் வைத்த இடத்தில் இல்லை என்கிறார்கள். குழந்தையின் பெட்டி எதிர் மூலையில் தலைகீழாகச் சாய்ந்து கிடந்தது. உடனிருந்த வெள்ளையர்கள் அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: முந்தைய அடக்கத்தில் வேலை செய்த கறுப்பின ஆட்கள்தான் வஞ்சம் தீர்த்திருக்கிறார்கள். ஆதாரம் எதுவும் தேடப்படவில்லை. பெட்டிகளை நேராக்கினார்கள், புதியதை வைத்தார்கள், பலகையைச் சாந்து பூசி மூடினார்கள்.

இந்த நிகழ்வில் நேர்ந்த முதல் பிழை இது. விலகல் ஒன்று கண்ணில் பட்டதும் எதையும் தொடாமல் நிலையைப் பதிவு செய்திருக்க வேண்டும்: எந்தப் பெட்டி, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, தலைப்பக்கம் எத்திசை, அடியில் ஈரம் உண்டா, பலகை விளிம்பில் பழைய சாந்து உடைந்திருந்ததா. அடக்க ஆராதனைக்காகத் துக்க வீட்டார் காத்திருக்கும் வேளையில் யாருக்கும் அது தோன்றியிராது. அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அன்று கலைந்த தடயம் பிறகு கிடைக்கவே இல்லை.

1816: இரண்டு முறை

1816 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறன்று பார்படோஸில் புஸ்ஸாவின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி சில நாள்களில் நசுக்கப்பட்டது. அடிமைகள் நூற்றுக்கணக்கில் உயிரிழந்தார்கள். தீவின் வெள்ளையர் வீடுகளில் அந்த ஆண்டு முழுவதும் பயம் குடியிருந்தது. இந்தச் சூழலை விட்டுவிட்டுப் பெட்டிகளைப் பற்றி மட்டும் பேசினால் நிகழ்வின் பாதி மறைந்துபோகும்.

செப்டம்பர் 25இல் ஒரு குழந்தையை அடக்கம் செய்யக் கல்லறையைத் திறந்தார்கள். பெட்டிகள் மறுபடி கலைந்திருந்தன என்பது செய்தி. நவம்பர் 17இல் மீண்டும் திறந்தார்கள். இம்முறை வந்தது அந்தக் குழந்தையின் உறவினர் ஒருவரின் பெட்டி. ஏப்ரல் கிளர்ச்சியில் கொல்லப்பட்டு வேறொரு பங்கில் புதைக்கப்பட்டவர் அவர் என்றும், அங்கிருந்து எடுத்து வரப்பட்டார் என்றும் சொல்லப்படுகிறது. செய்தி முன்கூட்டியே பரவியதால் ஒரு கூட்டமே வந்து நின்றது. அப்போதும் பெட்டிகள் கலைந்திருந்தனவாம். 1807இல் வைத்த மரப்பெட்டி உடைந்து சிதறியிருந்தது. உடைந்த மரத்துண்டுகளை ஒன்றாகக் கட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள்.

மரப்பெட்டி உடைந்ததை மர்மக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. வெப்பமண்டலத்தில், காற்றோட்டமில்லாத சுண்ணாம்புக்கல் அறையில், ஒன்பது ஆண்டுகள் கிடந்த பெட்டி அது. ஆணி துருப்பிடிக்கும், அடிப்பலகை உளுக்கும், ஓர் இணைப்பு விட்டால் மற்றவை தாமாகவே பிரியும். அதன்மேலோ அதை ஒட்டியோ வேறு பெட்டி இருந்தால் அதுவும் சரியும். கதையில் இடம்பெற்ற "கலைவுகளில்" சில இப்படி நேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எந்தப் பெட்டி எதன்மேல் இருந்தது என்ற குறிப்பு இருந்திருந்தால் இதைப் பிரித்தறிந்திருக்கலாம்.

இந்த இடைவெளியில் ஊர்க்கதை மூன்று கிளையாகப் பிரிந்தது. கொடுமைக்காரத் தந்தைக்கு அருகில் கிடக்க மகளின் ஆவி மறுக்கிறது என்றது ஒரு கிளை. தற்கொலை செய்தவளை ஏற்க மற்றவர்கள் மறுக்கிறார்கள் என்றது இன்னொன்று. அடிமைகளின் மந்திரம், அல்லது ‘டப்பி’ என்று அந்தத் தீவில் சொல்லப்படும் பேயின் வேலை என்றது மூன்றாவது. மூன்றுமே குடும்பத்தின் பாவத்தைத்தான் பேசின. ஒன்றுகூட நிலவறையின் தரையையோ கூரையையோ பேசவில்லை.

ஜூலை 1819: சோதனைக்கான முடிவு

மற்றொரு பெண்மணியின் அடக்கத்துக்காக 1819 ஜூலையில் திறந்தபோது ஆளுநர் கோம்பர்மியர் பிரபுவே வந்திருந்தார் என்பது கதையின் பொதுவான வடிவம். பெட்டிகள் கலைந்திருந்ததைப் பார்த்து, வெறும் சந்தேகத்தோடு விடாமல் ஒரு சோதனை அமைக்க முடிவெடுத்தார்கள். அதன் படிகள் இவை.

முதலில் தரை, சுவர், வளைவு மூன்றையும் தட்டிப் பார்த்து ரகசிய வழி இல்லை என உறுதி செய்தார்கள். பெரிய ஈயப்பெட்டிகளைக் கீழே வரிசையாக வைத்து, சிறியவற்றை அவற்றின்மேல் அடுக்கினார்கள். தரை முழுவதும் மெல்லிய வெண்மணலைத் தூவினார்கள். யாராவது நடந்தாலோ பெட்டி இழுபட்டாலோ தடம் விழும். பலகையை வைத்து விளிம்பெங்கும் சாந்து பூசினார்கள். சாந்து இறுகுமுன் ஆளுநரும் மற்றவர்களும் தங்கள் முத்திரைகளை அதில் அழுத்தினார்கள். பெட்டிகள் இருந்த நிலையை ஒரு வரைபடமாகவும் வரைந்ததாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சோதனைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். மணல், சாந்து, முத்திரை என மூன்றும் ஒன்றையொன்று சாராத காவல்கள். வாசலை உடைத்தால் சாந்து காட்டும், உடைத்துத் திரும்பப் பூசினால் முத்திரை காட்டும், உள்ளே ஆள் நடந்தால் மணல் காட்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வளவு யோசித்தது பெரிய விஷயம்.

குறை வேறிடத்தில் இருந்தது. இவை எல்லாம் ஒரே கேள்விக்கான காவல்கள்: "மனிதர் யாராவது நுழைந்தாரா?" தண்ணீர் வந்து போனதா, தரை அதிர்ந்ததா, அடுக்கிய பெட்டி தன் எடையால் சரிந்ததா என்ற கேள்விகளுக்குத் தனியாக எதுவும் வைக்கப்படவில்லை. அதிலும் சிறிய பெட்டிகளைப் பெரியவற்றின்மேல் அடுக்கியது சோதனைக்கே கேடு. ஈயத் தகட்டுப் பெட்டியின் மேற்புறம் சமதளமாக நிலைப்பதில்லை. உள்ளே உடல் அழுகும்போது எழும் வாயு தகட்டை உப்பவைக்கும். பற்றவைத்த இணைப்பு விட்டதும் அது தளர்ந்து குழியும். அப்படிப்பட்ட பரப்பின்மேல் வைத்த சின்னப் பெட்டி ஒன்பது மாதத்தில் வழுக்கி விழுவதற்கு வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

ஏப்ரல் 18, 1820: திறப்பு

அடக்கம் எதுவும் இல்லாமல் சோதனைக்காகவே கல்லறையைத் திறந்த ஒரே நாள் இது. அருகிலிருந்த ஒரு தோட்ட மாளிகையில் ஆளுநரும் சில பிரமுகர்களும் பேசிக்கொண்டிருக்கையில் எழுந்த யோசனை. உடனே குருவானவருக்கு ஆள் அனுப்பித் திறக்க ஏற்பாடு செய்தார்கள்.

சாந்து உடையவில்லை, முத்திரைகள் அழியவில்லை. உள்ளே பெட்டிகள் இடம் மாறியிருந்தன. மணலில் காலடி இல்லை. பெரிய ஈயப்பெட்டி ஒன்று பலகைக்கு உள்புறமாக மோதிக் கிடந்ததால் திறப்பதே கடினமாக இருந்தது என்று சில வடிவங்கள் சொல்கின்றன, மற்றவை சொல்வதில்லை. உடனிருந்த பிரமுகர் ஒருவர் சில ஆண்டுகள் கழித்து எழுதிவைத்த குறிப்பு இந்த நிகழ்வின் மிக நிதானமான சாட்சியம். சுவர், வளைவு எல்லாம் ஒரே பழமையில் இருந்தன, கொத்தனார் ஒருவர் தரை முழுவதையும் சுத்தியலால் தட்டினார், எங்கும் வெற்றொலி இல்லை என்கிறார் அவர். திருடர், குறும்பர், அடிமைகள் ஒவ்வொருவரையும் எண்ணிப்பார்த்து விலக்குகிறார். நடந்தது உண்மை, தாம் கண்ணால் கண்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

எடுத்த முடிவு: பெட்டிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தோட்டத்தின் வேறு இடத்தில் மண்ணில் புதைப்பது. குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான முடிவு, ஒருவேளை அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். இறந்தவர்கள் வேடிக்கைப் பொருளாகக்கூடாது. ஆய்வின் பக்கம் பார்த்தால் கேள்வியை அதோடு மூடிவிட்டார்கள். நிலவறை அன்று முதல் காலி.

வெள்ளம் என்ற விளக்கம் எவ்வளவு தாங்கும்?

இக்கதையைக் கேட்கும் பலர் முதலில் தள்ளிவிடும் விளக்கம் தண்ணீர்தான். "ஈயம் எப்படி மிதக்கும்?" என்பார்கள். கணக்குப் போட்டால் மிதக்கும்.

2 மீட்டர் நீளம், தோள்பக்கம் 65 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். தலையும் காலும் ஒடுங்கிய வழக்கமான வடிவத்தில் அதன் கனஅளவு ஏறத்தாழ 0.39 கன மீட்டர். முழுக மூழ்கினால் 390 கிலோ தண்ணீரை விலக்கும். மொத்தப் பரப்பு 3.85 சதுர மீட்டர். ஈயத் தகடு இரண்டரை மி.மீ. தடிப்பு என்றால் எடை 110 கிலோ. உள்ளும் புறமும் இரண்டு மரப்பெட்டிகளுக்கு 90 கிலோ. உடல் 109 கிலோ, அதாவது அந்த 240 ராத்தல். கூட்டினால் 310 கிலோ. பெட்டி நீர் புகாமல் இருந்தால் 32 செ.மீ. தண்ணீரிலேயே தரையை விட்டு எழும்பிவிடும். தகடு நான்கு மி.மீ.யைத் தாண்டிப் போனால்தான் மூழ்கும்.

ஆனால் அதே கணக்கைக் குழந்தைப் பெட்டிக்குப் போட்டால் விடை மாறுகிறது. சிறிய பெட்டியில் கனஅளவு குறையும் அளவுக்குப் பரப்பு குறைவதில்லை. ஒரு மீட்டர் நீளப் பெட்டி விலக்கும் நீர் 70 கிலோ அளவு. ஈயமும் மரமும் உடலும் சேர்ந்து அதையே தொட்டுவிடும், சற்றுத் தாண்டவும் கூடும். வெள்ளம் வந்திருந்தால் பெரிய பெட்டிகள் மிதந்து, சிறியது அடியில் கிடந்திருக்க வேண்டும். 1812இன் செய்தியோ குழந்தைப் பெட்டிதான் மூலைக்குப் போய்த் தலைகீழானது என்கிறது.

வேறு தடைகளும் உண்டு. அந்த அறையில் 32 செ.மீ. நீர் நிற்க 2,300 லிட்டர் வேண்டும். ஆலயம் மேட்டில் இருக்கிறது. பார்படோஸின் பெரும்பகுதியை மூடியிருக்கும் பவளச் சுண்ணாம்புக்கல் நீரைத் தேக்காமல் உள்ளே விட்டுவிடும் பாறை. அப்படியே தேங்கினாலும் சுவரில் நீர்க்கோடும் தரையில் படிவும் விட்டுச் செல்லும். 1820இல் தூவிய மணல் அலைத்தடத்தோடு இருந்திருக்கும். நேரில் கண்டவர்கள் அப்படி எதையும் சொல்லவில்லை. அதனால் வெள்ளத்தை முற்றிலும் விலக்க முடியாவிட்டாலும், முதல் விளக்கமாக வைக்க முடியாது.

நிலநடுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிகளைத் திருப்பிப் போடும் அளவு அதிர்ந்தால் பக்கத்துக் கல்லறைகளும் ஆலயச் சுவரும் அதைக் காட்டியிருக்கும்.

பின் வந்தது: ஏடுகளைத் தேடியபோது

கதை லண்டனில் அச்சேறியது 1833இல், ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பயண நூலில். கடைசித் திறப்புக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. அதன்பின் நூலுக்கு நூல் வளர்ந்தது. 1907இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஆண்ட்ரூ லாங் இதை முறையாக ஆராய்ந்தார். பார்படோஸில் இருந்த உறவினர் மூலம் பங்கின் அடக்கப் பதிவேட்டையும் அக்காலச் செய்தித்தாள்களையும் தேடச் செய்தார். அடக்கங்களின் பதிவு இருந்தது. பெட்டிகள் கலைந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆளுநரே முத்திரையிட்ட சம்பவம், கூட்டம் கூடிய சம்பவம், தீவின் செய்தித்தாளில் இல்லை.

திறப்புகள் நடந்த காலத்துக் குருவானவரின் பெயரால் உலவும் விவரணைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நாளும், பெட்டிகளின் எண்ணிக்கையும், கிடந்த நிலையும் வேறுபடுகின்றன. 1819க்கும் 1820க்குமான இரண்டு வரைபடங்கள் உலவுகின்றன. மூலத்தில் எவர் கையொப்பமும் இருந்ததாகக் காட்ட முடியவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஸ்டாண்டன் என்ற கிராமத்தின் நிலவறையில் ஈயப்பெட்டிகள் திரும்பத் திரும்ப இடம் மாறியதாக லண்டன் மாத இதழ் ஒன்று 1815 செப்டம்பரிலேயே வெளியிட்டிருந்தது. பார்படோஸ் கதை தீவிரமடைந்தது 1816இல் தொடங்கித்தான். அதன்பின் பால்டிக் கடலின் ஓசெல் தீவில் 1844இல் நடந்ததாக இன்னொன்று வந்தது: முத்திரை, தூவிய சாம்பல், விசாரணைக்குழு, கல்லறை அருகே மிரண்ட குதிரைகள் என எல்லாம் இன்னும் விரிவாக. அதற்கும் மூல ஆவணம் கிடைக்கவில்லை. ஆக, "நகரும் சவப்பெட்டி" ஏற்கெனவே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த கதை. ஓய்ஸ்டின்ஸில் உண்மையில் கண்ட ஏதோ ஒரு சிறு சரிவின்மேல் அது வந்து குடியேறியிருக்கக்கூடும். முழுவதும் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் குறியீடுகளால் புனைந்தது என்று பிற்காலத்தில் ஒருவர் வாதிட்டார்; அந்தளவு போகத் தேவையில்லை. பழைய பெட்டிகள், இறுகாத அடுக்கு, பயந்துபோன ஒரு சமூகம், தயாராக இருந்த ஒரு கதை: இவை போதும்.

எதை மாற்றிச் செய்ய வேண்டும்

ஊர்க்கதை சூழ்ந்த கல்லறை ஒன்றைத் திறக்கவோ பழுதுபார்க்கவோ நேரும் பங்குச் சபையினர், தொல்லியல் துறையினர், உள்ளூர் வரலாற்றுக் குழுவினர் எவருக்கும் இந்த நிகழ்விலிருந்து எடுக்க வேண்டியவை நடைமுறைச் செய்திகளே.

திறப்பதற்கு முன் வெளிப்புறத்தைப் பதிவு செய்யுங்கள். பலகையின் நான்கு விளிம்பையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். புதிய சாந்தும் பழைய சாந்தும் நிறத்தில் வேறுபடும். மாதிரியாக விரல் நகமளவு எடுத்து உறையிலிட்டு நாளிட்டு வையுங்கள். திறந்ததும் குறைந்தது அரைமணி, உள்ளே காற்று பாதுகாப்பானது என்று தெரியும்வரை, யாரும் இறங்கக்கூடாது. மூடிக்கிடந்த நிலவறையில் ஆக்சிஜன் குறைவாக இருக்கக்கூடும். அதற்காகவே காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் வாயிலில் நின்றபடியே உள்நிலையைப் படமெடுத்துவிடலாம். அளவு எடுக்கும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சுவரிலிருந்து தூரம், தலைத்திசை, சாய்வு. எந்தப் பெட்டி எதைத் தாங்குகிறது என்பது தனிப் பத்தியில். ஈயத்தில் உப்பலோ விரிசலோ இருந்தால் கை வைக்காதீர்கள். உள்ளிருப்பது வெளிப்படும், ஈயத் தூளும் நஞ்சு.

மீண்டும் மூடுவதானால் மனிதரை மட்டும் சந்தேகிக்காதீர்கள். சுவரின் அடியில் அரை மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் நீர் வந்த உயரம் தானே கோடாகத் தெரியும். தரையில் நான்கு மூலையிலும் சிறு கிண்ணத்தில் மாவு மணல். ஈரம் பட்டால் கட்டியாகும். பெட்டிகளைத் தரைமட்டத்தில் தனித்தனியாக, மரக்கட்டை முட்டுக் கொடுத்து வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று வேண்டாம். இன்றைக்கு ஈரப்பத, வெப்பப் பதிவுக் கருவி ஒன்றை உள்ளே விட்டுவைப்பது எளிது. கருவி இல்லையென்றாலும் மேற்சொன்னவற்றுக்கு 1819இலேயே பொருள் இருந்தது.

பதிவுக் குறிப்பு அன்றைக்கே, அங்கேயே எழுதப்பட வேண்டும். இரண்டு படி. ஒன்று அடக்கப் பதிவேட்டோடு, மற்றொன்று பங்குக்கு வெளியே உள்ள ஆவணக் காப்பகத்தில். உடனிருந்த ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தனித்தனியே எழுத வேண்டும். ஒருவர் எழுதி மற்றவர்கள் கையொப்பமிடுவது போதாது, ஏனெனில் முரண்பாடுகளே பிறகு உதவும்.

சாட்சியம் வாங்கும் வரிசையில் வேலையாட்கள் முதலில் வர வேண்டும். கிறைஸ்ட் சர்ச்சில் பலகையை ஒவ்வொரு முறையும் நகர்த்திய கைகளுக்கு அது எவ்வளவு இறுகியிருந்தது, சாந்து புதியதா பழையதா, கடந்த முறை பெட்டியை எங்கே, எப்படி இறக்கினோம், அவசரத்தில் ஓரமாகச் சாய்த்து விட்டோமா என்பதெல்லாம் தெரியும். கதையின் எல்லா வடிவங்களிலும் அவர்கள் சந்தேகத்துக்குரியவர்களாகவோ பேய்க்குப் பயந்தவர்களாகவோ மட்டுமே வருகிறார்கள். பிரமுகர்களின் குறிப்பு எத்தனை இருந்தாலும், ஜூலை 1812இல் மூத்த மகளின் பெட்டியை இறக்கி வைத்தவர்களில் ஒருவரிடமாவது ஆகஸ்டில் ஒரு கேள்வி கேட்டிருந்தால், முதல் விலகல் விலகலா அல்லது வைத்த விதமே அதுவா என்பதாவது தெரிந்திருக்கும்.